எந்த நாளில் தொடங்குவது? 1914 ஜூலையும் வரலாற்று விவாதமும்

உலக வரலாற்றின் திருப்புமுனைகள் விவாதத்துக்கு வரும்போது, பேசுவோரின் நாவன்மையைவிடவும் அவர்கள் அடுக்கும் சான்றுகளின் எண்ணிக்கையைவிடவும் முடிவைப் பெரிதும் தீர்மானிப்பது, கதை எந்த நாளில் தொடங்கப்படுகிறது என்பதே. ஒரு போருக்கு யார் பொறுப்பு என்ற வினா எழுந்தவுடன், விடை சொல்ல வருபவர் ஏதேனும் ஒரு நாளைத் தேர்ந்துகொண்டு, அதற்கு முன்பிருந்ததை இயல்பு நிலை என்றும் அன்று நடந்ததை அதன் குலைவு என்றும் தம்மை அறியாமலே ஏற்றுக்கொண்டுவிடுகிறார். அதன்பின் அவர் சொல்வன யாவும் அந்தத் தேர்விலிருந்தே கிளைக்கின்றன. வரலாறு பயிற்றுவிப்பதையும் மாணவர் விவாதங்களுக்கு நடுவராக இருப்பதையும் நெடுங்காலமாகத் தொழிலாகக் கொண்டுள்ள இக்கட்டுரையாளரின் பட்டறிவில், இந்த உண்மையை மிகத் தெளிவாக உணர்த்தும் பாடப்பொருள் 1914ஆம் ஆண்டின் ஜூலை நெருக்கடி ஆகும். ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் பட்டத்து வாரிசான பிரான்ஸ் பெர்டினாண்ட் சரயேவோ நகரில் கொல்லப்பட்ட ஜூன் 28ஆம் நாளுக்கும், பிரிட்டன் ஜெர்மனியின் மீது போர் அறிவித்த ஆகஸ்ட் 4ஆம் நாளுக்கும் இடைப்பட்ட ஐந்து வார காலத்தையே வரலாற்றாசிரியர்கள் அப்பெயரால் குறிக்கின்றனர்.

தொடக்கமும் தீர்ப்பும்

முதல் உலகப் போருக்கு யார் காரணம் என்ற தலைப்பில் பேச முன்வருவோர் தேர்ந்தெடுக்கும் நாள்களை வரிசைப்படுத்திப் பார்த்தால், ஒவ்வொரு நாளும் தனக்குரிய குற்றவாளியைக் கையோடு அழைத்து வருவது புலப்படும். ஜூன் 28இல் தொடங்குபவருக்குச் செர்பியாவே முதற்பொறுப்பாளி. கொலையாளிகளுக்கு ஆயுதம் பெல்கிரேடிலிருந்து வந்ததும், அதன் பின்னணியில் செர்பிய இராணுவ உளவுத்துறைத் தலைவர் டிராகுடின் டிமிட்ரியெவிச் வழிநடத்திய ‘கருங்கை’ என்ற இரகசிய அமைப்பு இருந்ததும் அவருடைய சான்றுகள். ஜூலை 5இல் தொடங்குபவர், அன்று போட்ஸ்டாமில் ஆஸ்திரியத் தூதரிடம் ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்லியம் அளித்த நிபந்தனையற்ற ஆதரவை, வரலாற்று நூல்கள் ‘வெற்றுக் காசோலை’ என்று அழைக்கும் அந்த வாக்குறுதியை, முன்வைத்து பெர்லினைக் குற்றம் சாட்டுவார். ஜூலை 30இல் தொடங்குபவருக்கு, முழுப் படைத்திரட்டுக்கு அன்று ஆணையிட்ட ரஷ்யாவே போரைத் தவிர்க்க இயலாததாக்கியது. பின்னோக்கிச் சென்று 1908 அக்டோபரில் நிற்பவர், போஸ்னியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்ட ஆஸ்திரியாவைச் சுட்டுவார். 1911 செப்டம்பரில் நிற்பவர், உஸ்மானியப் பேரரசின் வசமிருந்த லிபியாவை இத்தாலி தாக்கியதால்தான் பால்கன் நாடுகளுக்குத் துணிவு பிறந்து 1912இல் பால்கன் போர் மூண்டது என்பார். 1871இல் நிற்பவர், அல்சாஸ்-லொரைன் பகுதியை ஜெர்மனி பறித்துக்கொண்டதும் அதனால் பிரான்சில் கனன்ற பகையுமே வேர் என்பார். இவர்களில் எவரும் பொய் சொல்வதில்லை. எல்லோரும் காட்டும் நிகழ்ச்சிகள் நடந்தவையே.

இச்சிக்கல் வரலாற்றெழுத்தின் வயதுடையது. கி.மு. 431இல் தொடங்கிய பெலோபொனீசியப் போரை எழுதிய கிரேக்க வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ், இரு தரப்பும் வெளிப்படையாகக் கூறிக்கொண்ட புகார்களையும், ஏதென்சின் வளர்ச்சி ஸ்பார்ட்டாவில் விளைத்த அச்சம் என்ற ஆழ்ந்த காரணத்தையும் வேறுபடுத்திக் காட்டினார். நம் பாடநூல்கள் ‘உடனடிக் காரணம்’, ‘அடிப்படைக் காரணம்’ என்று பிரித்து எழுதுவது அந்த மரபின் தொடர்ச்சியே ஆயினும், தேர்வுக்காக மனப்பாடம் செய்யப்படும் அந்தப் பட்டியலில் இரண்டுக்கும் இடையிலான தொடர்பு பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. இராணுவவாதம், கூட்டணிகள், ஏகாதிபத்தியம், தேசியவாதம் என்ற நான்கும் 1905இலும் இருந்தன, 1911இலும் இருந்தன. அந்த ஆண்டுகளில் மொராக்கோவை முன்னிட்டு எழுந்த இரு நெருக்கடிகளும், 1908இல் போஸ்னியாவை முன்னிட்டு எழுந்த நெருக்கடியும் பெரும்போரின்றித் தணிந்தன. எனவே அடிப்படைக் காரணங்களை மட்டும் ஒப்பித்துவிட்டு அமர்பவர், போர் ஏன் 1914இல் மூண்டது என்பதற்கு விடை தருவதில்லை. உடனடிக் காரணத்தை மட்டும் சொல்பவர், ஒரு மாகாணத் தலைநகரில் நடந்த கொலை ஏன் தொண்ணூறு லட்சத்துக்கும் மேற்பட்ட படைவீரர்களின் சாவில் முடிந்தது என்பதற்கு விடை தருவதில்லை.

தமிழ் மேடைக்குப் பழகிய மாணவர்கள் இப்பொருளைக் கையில் எடுத்தவுடன் பட்டிமன்ற வடிவத்தை நாடுவது இயல்பு. ஆனால் பட்டிமன்றம் இரண்டு அணிகளையும் ஒரு நடுவரையும் வேண்டுவது. ஜூலை நெருக்கடியிலோ வியன்னா, பெர்லின், செயின்ட் பீட்டர்ஸ்பர்க், பாரிஸ், லண்டன், பெல்கிரேடு என ஆறு தலைநகரங்கள் ஒரே நேரத்தில் இயங்கின. ‘ஜெர்மனியே காரணம், ஜெர்மனி காரணமன்று’ என்று தலைப்பை இரண்டாக வகிர்ந்தால், மற்ற ஐந்து தலைநகரங்களும் ஏதேனும் ஓர் அணிக்குச் சாட்சி சொல்ல வந்தவையாகச் சுருங்கிவிடுகின்றன. இக்காரணத்தால் இக்கட்டுரையாளர் தம் வகுப்புகளில் இரு அணி முறையைக் கைவிட்டு, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தலைநகரை ஒதுக்கும் முறையைக் கைக்கொண்டார். அம்முறைக்கு ஒரே ஒரு கடுமையான விதி உண்டு. அதை ‘நாள்வரம்பு’ என்று வகுப்பில் வழங்குவர். விவாதிக்கப்படும் நாளில் அந்தத் தலைநகரத்துக்குத் தெரிந்திருக்கக்கூடியதை மட்டுமே குழுவினர் வாதமாகப் பயன்படுத்தலாம். மறுநாள் வந்த தந்தியை முதல்நாள் எடுத்துப் பேசினால் அவ்வாதம் தள்ளுபடி செய்யப்படும்.

நாள்வரம்பு காட்டும் காட்சிகள்

இவ்விதி நடைமுறைக்கு வந்தவுடன் மாணவர்கள் முதலில் எதிர்கொள்வது வெறுமையை. பாரிசை ஏற்ற குழு, ஜூலை 23ஆம் நாள் மாலை ஆறு மணிக்கு ஆஸ்திரியா தன் இறுதி எச்சரிக்கையைச் செர்பியாவிடம் கையளித்ததை அறிந்து உடனே முடிவெடுக்க முனையும். ஆனால் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் புவன்காரேயும் பிரதமர் விவியானியும் ரஷ்யப் பயணத்தை முடித்துக்கொண்டு அப்போதுதான் கப்பலேறியிருந்தனர். ஜூலை 29 வரை அவர்கள் தாயகம் திரும்பவில்லை. இது தற்செயலன்று. அவ்விருவரும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ரஷ்யத் தலைவர்களோடு நேரில் கலந்தாலோசிக்க முடியாதபடி, அவர்கள் புறப்படும் நேரத்தைக் கணக்கிட்டே வியன்னா தன் எச்சரிக்கையை வெளியிட்டது. வியன்னாவை ஏற்ற குழுவுக்கு வேறொரு வியப்பு காத்திருக்கும்: கொலை நடந்தவுடன் ஐரோப்பாவின் அனுதாபம் ஆஸ்திரியாவின் பக்கம் இருந்தபோதே ஏன் தாக்கவில்லை என்ற வினாவுக்கு, ஹங்கேரியப் பிரதமர் டிசா ஜூலை 14 வரை இசையாமல் இருந்ததும், படைவீரர் பலர் அறுவடைக்காக விடுப்பில் ஊருக்குச் சென்றிருந்ததும் விடையின் பகுதிகளாகும். நாற்பத்தெட்டு மணி நேரக் கெடு விதித்த அரசு, அக்கெடுவை விதிக்கத் தானே ஏறத்தாழ நான்கு வார காலத்தை எடுத்துக்கொண்டது.

ஜூலை 28ஆம் நாள் நெருங்கிப் பார்க்கத்தக்கது. செர்பியா 25ஆம் நாள் மாலை, கெடு முடிவதற்குச் சற்று முன்பாக, பிரதமர் பாசிச் வாயிலாக அளித்த பதிலில், பத்துக் கோரிக்கைகளில் பெரும்பாலானவற்றை முழுமையாகவோ சுற்றி வளைத்தோ ஏற்றிருந்தது. கொலை குறித்த நீதி விசாரணையில் ஆஸ்திரிய அதிகாரிகள் பங்கேற்பது என்ற ஆறாவது கோரிக்கையைத்தான் திட்டவட்டமாக மறுத்தது. ஆஸ்திரியத் தூதர் கீசல் பதிலை வாங்கிப் பார்த்த சற்று நேரத்தில் ஆறரை மணி ரயிலில் பெல்கிரேடைவிட்டு வெளியேறிவிட்டார். நார்வேக் கடற்பயணத்திலிருந்து 27ஆம் நாள் திரும்பிய வில்லியம், மறுநாள் காலையில் அந்தப் பதிலின் படியைப் படித்துவிட்டு, வியன்னாவுக்கு இது பெரும் தார்மீக வெற்றி என்றும், போருக்கான காரணம் எதுவும் இனி இல்லை என்றும் தம் கையாலேயே அதன் கீழ் குறிப்பெழுதினார். உறுதிமொழிக்கு ஈடாகப் பெல்கிரேடை மட்டும் தற்காலிகமாகப் பிடித்துவைத்துக்கொண்டு பேச்சு நடத்தலாம் என்ற யோசனையையும் வெளியுறவுச் செயலருக்கு எழுதி அனுப்பினார். அன்று முற்பகலிலேயே ஆஸ்திரியா செர்பியாவுக்குத் தந்தி மூலம் போர் அறிவித்துவிட்டது. பேரரசரின் யோசனையைச் சான்சலர், அதாவது பேரரசின் தலைமை அமைச்சர், பெத்மான் ஹோல்வெக் அன்றிரவுதான் வியன்னாவுக்கு அனுப்பினார். அதுவும், போருக்கான காரணம் இல்லை என்ற வரியை விடுத்து, ஆஸ்திரியாவைத் தடுத்து நிறுத்த ஜெர்மனி விரும்புவதாகத் தோன்றிவிடக் கூடாது என்று தூதருக்கு அறிவுறுத்தலையும் சேர்த்து.

மறுநாள் இரவு செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நடந்தது இதன் மறுபாதி. படைத்திரட்டு என்பது ஒதுக்கப்படையினரை ஊர் ஊராக அழைத்து, ரயில் ஏற்றி, எல்லையில் கொண்டு சேர்க்கும் நடவடிக்கை. ரஷ்யா போன்ற பரந்த நாட்டில் அது பல வாரங்கள் பிடிக்கக்கூடியது. ஜார் இரண்டாம் நிக்கோலஸ் கையெழுத்திட்ட முழுப் படைத்திரட்டு ஆணையோடு ஜெனரல் டோப்ரோரோல்ஸ்கி ஜூலை 29ஆம் நாள் இரவு தலைநகரின் மையத் தந்தி நிலையத்துக்குச் சென்று, பேரரசின் நாலா திசைக்கும் அனுப்பவேண்டிய தந்திகள் தட்டச்சாகிக்கொண்டிருந்த நேரத்தில், ஆணையை நிறுத்துமாறு தொலைபேசிச் செய்தி வந்தது. வில்லியமிடமிருந்து வந்த தந்தியைப் படித்த ஜார் மனம் மாறி, ஆஸ்திரியாவுக்கு எதிரான பகுதிப் படைத்திரட்டு மட்டும் போதும் என்று முடிவு செய்திருந்தார். மறுநாள் பிற்பகலில் வெளியுறவு அமைச்சர் சசோனோவ் நேரில் சென்று வற்புறுத்தியதன்பேரில் ஜார் மீண்டும் இசைந்தார், தந்திகள் பறந்தன. ரஷ்யாவைத் தொடக்கப் புள்ளியாக வைப்போரும் ஜெர்மனியைத் தொடக்கப் புள்ளியாக வைப்போரும் இந்த இரவை ஒருங்கே எடுத்தாளுவது குறிப்பிடத்தக்கது. முன்னவருக்கு அது பொறுப்பு நழுவாமல் ரஷ்யாவின் கையில் இருந்ததற்குச் சான்று, பின்னவருக்கு அது ரஷ்யா தயங்கியதற்குச் சான்று. நாள்வரம்பைக் கடைப்பிடிக்கும் குழுவோ மூன்றாவதொன்றைக் கவனிக்கிறது: பகுதிப் படைத்திரட்டுக்கு முறையான திட்டம் எதையும் ரஷ்யத் தளபதிகள் வகுத்து வைக்கவில்லை, ஆகவே ஜார் தேர்ந்துகொண்ட நடுவழி காகிதத்தில் மட்டுமே இருந்தது.

நூல்களின் முதல் அத்தியாயங்கள்

தொடக்க நாளின் ஆற்றலை மாணவர்கள் தம் வாதங்களில் மட்டுமன்றித் தாம் படிக்கும் நூல்களிலும் அடையாளம் காணப் பழகவேண்டும். நூலைக் கையில் எடுத்தவுடன் முடிவுரையைத் தேடாமல் முதல் அத்தியாயத்தின் ஆண்டைக் குறித்துக்கொள்ளவேண்டும் என்பது இக்கட்டுரையாளர் மாணவருக்குச் சொல்லும் முதல் பயிற்சி. இத்தாலியப் பத்திரிகையாளர் லூயிஜி அல்பெர்ட்டினி தம் மூன்று தொகுதி ஆய்வை 1878ஆம் ஆண்டின் பெர்லின் மாநாட்டிலிருந்து தொடங்குகிறார். அதனால் பால்கன் சிக்கலின் நீண்ட வரலாறும், அதைக் கையாண்ட எல்லா வல்லரசுகளின் குறைகளும் அவர் கண்ணில் படுகின்றன. 1962இல் வெளிவந்த பார்பரா டக்மனின் ‘தி கன்ஸ் ஆஃப் ஆகஸ்ட்’ என்னும் நூல், 1910 மே மாதத்தில் லண்டனில் நடந்த ஏழாம் எட்வர்டின் இறுதி ஊர்வலத்தில் தொடங்குகிறது. ஒன்பது மன்னர்கள் குதிரைமீது வரும் அக்காட்சியில் தொடங்குவதாலேயே அது அழியப்போகும் ஓர் உலகின் துன்பியலாக விரிகிறது. 2012இல் வெளிவந்த கிறிஸ்டோபர் கிளார்க்கின் ‘தி ஸ்லீப்வாக்கர்ஸ்’, 1903 ஜூனில் பெல்கிரேடு அரண்மனையில் செர்பிய அரசரும் அரசியும் தம் படை அதிகாரிகளாலேயே கொல்லப்பட்ட நிகழ்ச்சியில் தொடங்குகிறது. அந்த அத்தியாயத்தைப் படித்து முடிக்கும் வாசகர், 1914இல் செர்பியாவைச் சிறிய அப்பாவி நாடாகக் காண்பது கடினம். இவர்கள் மூவரும் தத்தம் துறையில் கைதேர்ந்தவர்கள், சான்றுகளை மறைத்தவர்களும் அல்லர். ஆயினும் முதல் பக்கத்திலேயே வாசகர் நிற்கவேண்டிய இடம் குறிக்கப்பட்டுவிடுகிறது.

அரசுகள் இதைத் தெளிவாகவே அறிந்திருந்தன. 1919 ஜூன் 28இல் கையெழுத்தான வெர்சாய் உடன்படிக்கையின் 231ஆம் பிரிவு, போரால் விளைந்த இழப்புகளுக்கு ஜெர்மனியையும் அதன் நேச நாடுகளையும் பொறுப்பாக்கி, இழப்பீடு கோருவதற்கான அடித்தளமாக அமைந்தது. அதை மறுக்க முனைந்த ஜெர்மன் வெளியுறவு அமைச்சகம், போர்ப்பொறுப்பு வினாவுக்கென்றே தனிப் பிரிவொன்றை நிறுவியதோடு, தன் ஆவணங்களை 1922 முதல் 1927 வரை நாற்பது தொகுதிகளாக வெளியிட்டது. அத்தொகுப்பு 1871இலிருந்து தொடங்குவது. ஜூலை 1914இன் ஐந்து வாரங்களை நாற்பதாண்டு ஐரோப்பிய அரசியலின் பெருவெள்ளத்தில் கரைத்துவிடுவதற்கு இதைவிடத் தக்க ஏற்பாடு இல்லை. ஆவணங்களை முதலில் வெளியிட்டவர் என்ற அளவில் ஜெர்மனிக்கு அதனால் கிடைத்த நன்மை பெரிது. இருபதுகளிலும் முப்பதுகளிலும் எழுதிய ஆய்வாளர் பலர் அத்தொகுதிகளையே நம்பவேண்டியிருந்தது. பிரிட்டன் தன் ஆவணங்களை 1926இலிருந்துதான் வெளியிடத் தொடங்கியது. எந்த நாடு முதலில் தன் பெட்டியைத் திறக்கிறது, எந்த ஆண்டிலிருந்து திறக்கிறது என்ற இரண்டையும் கேட்காமல் ஆவணச் சான்றின்மீது விவாதம் நடத்துவது, ஒரு தரப்பு எழுதிக் கொடுத்த வழக்குக் கட்டை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்வதை ஒக்கும்.

தொடக்க நாள் ஒரு விவாதத்தின் நடுவிலேயே நகரவும் கூடும் என்பதற்கு 1961இல் ஹாம்பர்க் பேராசிரியர் பிரிட்ஸ் பிஷர் எழுப்பிய சர்ச்சை சிறந்த எடுத்துக்காட்டு. ஜெர்மனியின் போர் நோக்கங்களை ஆராய்ந்த அவருடைய நூலில் மையமான ஆவணம், 1914 செப்டம்பர் 9ஆம் நாளிட்ட ‘செப்டம்பர் திட்டம்’. பிரான்சை வலுவிழக்கச் செய்வது, பெல்ஜியத்தைத் தன் பிடியில் வைப்பது, நடு ஐரோப்பாவை ஜெர்மானியப் பொருளாதாரத் தலைமையின்கீழ் கொண்டுவருவது ஆகியவை அதன் கூறுகள். கெர்ஹார்ட் ரிட்டர் முதலிய மூத்த வரலாற்றாசிரியர்கள் அவரைக் கடுமையாக எதிர்த்தனர். 1964இல் அமெரிக்காவில் அவர் நிகழ்த்தவிருந்த சொற்பொழிவுப் பயணத்துக்கு வழங்கிய நிதியை மேற்கு ஜெர்மன் அரசு திரும்பப் பெற்றுக்கொள்ள, அமெரிக்க அறிஞர்கள் தாமே நிதி திரட்டி அவரை அழைத்தனர். எதிர்ப்பில் இருந்த உணர்ச்சியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அதன் வலுவான வாதம் நாளைப் பற்றியதே: போர் தொடங்கி ஐந்து வாரங்கள் கழித்து, வெற்றி அருகில் இருப்பதாகத் தோன்றிய நேரத்தில் எழுதப்பட்ட விருப்பப் பட்டியல், போருக்கு முன்பிருந்த உள்நோக்கத்துக்கு எப்படிச் சான்றாகும்? பிஷர் 1969இல் வெளியிட்ட அடுத்த நூலில் 1911ஆம் ஆண்டுக்குப் பின்னோக்கிச் சென்று, 1912 டிசம்பர் 8ஆம் நாள் பேரரசர் தம் படைத் தலைவர்களோடு நடத்திய ஆலோசனையை முக்கியச் சான்றாக்கினார். மறுப்பு நாளைத் தாக்கியது. விடை அந்நாளை முன்தள்ளியது.

சான்றின் நாளே ஐயத்துக்குரியதாகும் நிலையும் உண்டு. பெத்மான் ஹோல்வெக்கின் அணுக்கச் செயலர் கர்ட் ரீஸ்லரின் நாட்குறிப்பு 1972இல் பதிப்பிக்கப்பட்டபோது, ஜூலை 1914இல் சான்சலரின் மனநிலையை உள்ளிருந்து காட்டும் அரிய மூலமாக அது கொண்டாடப்பட்டது. பிற பகுதிகள் குறிப்பேடுகளில் எழுதப்பட்டிருக்க, நெருக்கடிக் காலத்துப் பகுதி மட்டும் தனித் தாள்களில் இருந்ததைச் சுட்டிக்காட்டிய ஆய்வாளர்கள், அப்பகுதி பின்னாளில் திருத்தி எழுதப்பட்டிருக்கலாம் என்று 1983இல் வாதிட்டனர். நாட்குறிப்பின் ஒவ்வொரு வரியும் ஐயத்துக்குரியதாகிவிட்டது என்பது இதன் பொருளன்று. ஆனால் அன்றே எழுதியது, பிறகு நினைவிலிருந்து எழுதியது என்ற வேறுபாட்டை மாணவருக்கு உணர்த்த இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

ஆட்சியாளரை எடைபோடுதல்

ஆட்சியாளரைப் பற்றிய விவாதம் மாணவர்களுக்கு மிகவும் விருப்பமானது. வில்லியமும் பிரிட்டிஷ் மன்னர் ஐந்தாம் ஜார்ஜும் விக்டோரியா அரசியின் பேரர்கள், ஜார்ஜும் நிக்கோலசும் உடன்பிறந்த டென்மார்க் இளவரசியர் இருவரின் மக்கள் என்பதால், முழுப் போரும் ஒரு குடும்பச் சண்டையாகச் சொல்லப்படுவது எளிது. வில்லியமும் நிக்கோலசும் செல்லப் பெயர்களில் கையெழுத்திட்டு ஆங்கிலத்திலேயே பரிமாறிக்கொண்ட தந்திகள் அக்கதைக்கு மேலும் மெருகேற்றுகின்றன. நாள்வரம்பின்படி இவர்களைப் பார்த்தால் கிடைக்கும் படம் வேறு. ஜூலை 5இல் வில்லியமின் ஒரு வாக்குறுதி பேரளவு விளைவை உண்டாக்கியது. ஜூலை 28இல் அதே வில்லியமின் கையெழுத்துக் குறிப்பு ஏறக்குறைய எந்த விளைவையும் உண்டாக்கவில்லை. மனிதர் மாறவில்லை, பதவியும் மாறவில்லை. இடைப்பட்ட மூன்று வாரங்களில் முடிவுகள் அவர் கையைவிட்டு அமைச்சகங்களுக்கும் படைத் தலைமைகளுக்கும் சென்றுவிட்டன. ஆகவே ‘அவர் வலிமையான ஆட்சியாளரா’ என்று பொதுவாகக் கேட்பதைவிட, ‘எந்த நாளில் அவருடைய சொல்லுக்கு வலிமை இருந்தது’ என்று கேட்பதே பயன் தரும். செங்கிஸ்கான், நெப்போலியன், ஸ்டாலின் என எந்த ஆட்சியாளரைப் பற்றிய விவாதத்துக்கும் இது பொருந்தும்.

ஆகஸ்ட் 1ஆம் நாள் மாலை இதன் உச்சம். பிரான்சைத் தாக்காவிட்டால் பிரிட்டன் ஒதுங்கியிருக்கக்கூடும் என்ற பொருள்படும் தந்தி லண்டன் தூதரிடமிருந்து வந்ததும், படை முழுவதையும் கிழக்கே ரஷ்யாவை நோக்கித் திருப்புமாறு வில்லியம் தலைமைத் தளபதி மோல்ட்கேயிடம் சொன்னார். ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டுவந்த, சுமார் 11,000 ரயில்களின் ஓட்டத்தை நிமிடக் கணக்கில் வகுத்த படைநகர்வுத் திட்டத்தை ஒரே இரவில் மாற்ற இயலாது என்று மோல்ட்கே மறுத்தார். அன்றிரவே அந்தத் தந்தி தவறான புரிதலில் பிறந்தது என்று தெளிவானதால் மேற்கு நோக்கிய படையெடுப்பு தொடர்ந்தது. போருக்குப் பின், ஜெர்மன் ரயில்வே பிரிவில் பணியாற்றிய ஜெனரல் ஸ்டாப் அந்த மாற்றம் இயன்றதே என்று காட்ட ஒரு நூலையே எழுதினார்.

நிகழாதவற்றைப் பேசுதல்

மோல்ட்கேயின் மறுப்பு, ‘இப்படி நடந்திருந்தால்’ என்ற வகை வாதத்துக்கு இட்டுச்செல்கிறது. நடந்த ஒன்றை நடக்காததாகக் கொண்டு அதன் விளைவை ஊகிக்கும் இம்முறையைப் பல வரலாற்றாசிரியர்கள் வீண் விளையாட்டு என்று ஒதுக்கினாலும், காரணம் பற்றிய எந்தக் கூற்றிலும் அது மறைந்தே இருக்கிறது. வெற்றுக் காசோலையால் போர் வந்தது என்பவர், அது இல்லாவிட்டால் வந்திராது என்றும் சேர்த்தே சொல்கிறார். எனவே அதைத் தடைசெய்வதைவிட ஒழுங்குபடுத்துவதே நடுவரின் வேலை. மாற்றம் சிறியதாக இருக்கவேண்டும், அன்றைய மனிதர்கள் உண்மையிலேயே எண்ணிப் பார்த்த வழியாக இருக்கவேண்டும், அதிலிருந்து ஊகிக்கப்படும் விளைவு சில வாரங்களுக்கு மேல் நீளக்கூடாது என்ற மூன்று நிபந்தனைகளுக்கு உட்பட்டால் இத்தகைய வாதம் பயனுள்ளதாகிறது. பெல்கிரேடோடு நிறுத்திக்கொள்ளும் யோசனை இந்நிபந்தனைகளை நிறைவு செய்கிறது. பிஸ்மார்க் உயிரோடிருந்திருந்தால் என்பது நிறைவு செய்வதில்லை.

தற்செயலைப் பற்றிய வாதங்களுக்கும் இதே கண்டிப்பு தேவை. சரயேவோவில் முதலில் எறியப்பட்ட குண்டு இளவரசரைத் தப்பவிட்டுப் பின்னால் வந்த காரில் இருந்தவர்களைக் காயப்படுத்தியது. நகர மன்றத்தில் வரவேற்பு முடிந்தபின் காயமடைந்தவரைப் பார்க்க மருத்துவமனைக்குச் செல்ல முடிவாகி, பயணவழி மாற்றப்பட்டது. அம்மாற்றம் ஓட்டுநருக்குச் சொல்லப்படாததால் கார் பழைய திட்டப்படி ஆற்றங்கரைச் சாலையிலிருந்து வலப்புறம் திரும்ப, ஆளுநர் போத்தியோரெக் நிறுத்தச் சொன்ன அந்த இடத்தில், பத்தொன்பது வயது காவ்ரிலோ பிரின்சிப் நின்றிருந்தார். இதுவரை சான்றுகள் உள்ளன. பிரின்சிப் அங்கே சாண்ட்விச் வாங்கி உண்ணச் சென்றிருந்தார் என்று மாணவர்கள் ஆர்வத்தோடு சேர்த்துச் சொல்லும் செய்திக்கோ விசாரணைப் பதிவுகளில் ஆதாரம் இல்லை; மேலும் அந்த முனை முன்னரே அறிவிக்கப்பட்ட ஊர்வலப் பாதையில் இருந்ததால், அவர் அங்கு நின்றதில் வியப்பும் இல்லை. சாண்ட்விச் கதை நீடிப்பதற்குக் காரணம், உலகப் போரை முழுத் தற்செயலாக்கிவிட்டால் பொறுப்பு என்ற வினாவே எழாமற்போகும் என்ற வசதிதான்.

அறையில் இல்லாதவர்கள்

ஆறு தலைநகரங்களைப் பங்கிட்டு நடக்கும் இவ்விவாதத்தில், இந்திய வகுப்பறையில் தவறாமல் எழும் ஒரு வினா உண்டு: இந்தியா எந்த நாளில் போரில் இறங்க முடிவு செய்தது? ஆகஸ்ட் 4இல் பிரிட்டன் செய்த அறிவிப்பே பேரரசின் குடியேற்ற நாடுகள் அனைத்தையும் கட்டுப்படுத்தியதால், அப்படியொரு நாளே இல்லை என்பதுதான் விடை. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியப் படையினர் கடல் கடந்து பிரான்சிலும் மெசபடோமியாவிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் பணியாற்றினர்; சுமார் 74,000 பேர் உயிரிழந்தனர். ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைக் குண்டு வீசி எரித்தது. உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள நினைவுக் கல்வெட்டு இன்றும் அதைச் சொல்கிறது. ஜூலை நெருக்கடியின் ஆவணங்களில் இம்மக்கள் இடம்பெறாமைக்குக் காரணம் அவர்கள் கருத்தற்றவர்களாக இருந்ததன்று, கருத்துக் கேட்கப்படாததே. ஆகவே தலைநகரங்களின் நாட்காட்டி பொறுப்பை அளக்க உதவுமே தவிர, போரின் முழு வரலாறாக அது ஒருபோதும் ஆகாது என்ற எல்லையை நடுவர் வெளிப்படையாகக் கூறிவிடவேண்டும்.

தீர்ப்பை எழுதும் முறை

இத்தனைக்கும் பிறகு, எல்லோரும் பொறுப்பு, ஆகவே எவரும் பொறுப்பல்லர் என்ற மழுப்பலான முடிவுக்கு வந்துவிடும் ஆபத்து உண்டு. நாள்வரம்பு முறை அப்படிப்பட்ட சமநிலைக்கு இடமளிப்பதில்லை. ஜூலை 5 முதல் 23 வரை முன்முயற்சி வியன்னா, பெர்லின் இரண்டின் கையில்தான் இருந்தது. மற்ற தலைநகரங்களுக்கு என்ன நடக்கிறது என்பதே சரிவரத் தெரியாது. 24 முதல் 30 வரை ரஷ்யாவுக்கு உண்மையான தேர்வுகள் இருந்தன. ஆனால் அவை பிறர் வகுத்த நெருக்கடிக்குள் எழுந்த தேர்வுகள். பிரிட்டனின் தெளிவின்மை நெருக்கடியை நீட்டித்தது, உண்டாக்கவில்லை. பொறுப்பு இவ்வாறு நாள்தோறும் இடம்பெயர்வது என்று கண்டால், அதைப் பங்கிட்டுச் சொல்ல முடியும். இக்கட்டுரையாளரின் கணிப்பில் முதல் பெரும்பங்கு வியன்னாவையும் அதற்குத் துணை நின்ற பெர்லினையும் சாரும். இக்கணிப்பை ஏற்காத திறமான ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். ஏற்காததற்கு அவர்கள் காட்டும் காரணமும் பெரும்பாலும் ஒரு நாளாகவே இருக்கும்.

இத்தகைய விவாதம் பழங்கதையாக நின்றுவிடுவதில்லை. 1962 அக்டோபரில் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் கண்டறியப்பட்டு உலகம் அணுப்போரின் விளிம்புக்குச் சென்ற பதின்மூன்று நாள்களில், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி டக்மனின் நூலைப் படித்திருந்தார். 1914இன் தலைவர்களைப்போலத் தப்புக் கணக்குகளால் போருக்குள் இழுபட்டுவிடக் கூடாது என்ற எண்ணம் அவருக்கு இருந்ததை அவருடைய தம்பி ராபர்ட் கென்னடி பதிவு செய்திருக்கிறார். அறியாமல் விழுந்தார்கள் என்ற விளக்கம் ஒரு தலைவருக்கு நிதானத்தைக் கற்பித்தது. திட்டமிட்டுத் தாக்கினார்கள் என்ற விளக்கம் வேறொரு தலைவருக்கு முந்திக்கொள்ளும் துணிவைக் கற்பிக்கக்கூடும்.

எனவே விவாதத்தின் இறுதியில் கைத்தட்டலை அளந்து வெற்றி அறிவிப்பதற்குப் பதிலாக, பங்கேற்ற ஒவ்வொருவரும் ஒரு பக்க அறிக்கை எழுதித் தருவது இவ்வகுப்புகளின் வழக்கம். தம் கதை எந்த நாளில் தொடங்குகிறது, ஏன் அதற்கு முந்தைய நாளில் தொடங்கவில்லை, எத்தகைய ஆவணம் கிடைத்தால் தம் முடிவு மாறும் என்ற மூன்றையும் அதில் சொல்லியாகவேண்டும். ஜெர்மனியைக் குற்றம் சாட்டுபவர், ஜூலை 5க்கு முன்பே வியன்னா தனித்துப் போரிட உறுதி பூண்டிருந்தது என்று காட்டும் ஆவணத்தைக் குறிப்பிடலாம். ரஷ்யாவைக் குற்றம் சாட்டுபவர், ஜூலை 30க்கு முன்பே ஜெர்மானியப் படை நகர்வு முடிவாகியிருந்தது என்று காட்டும் ஆவணத்தைக் குறிப்பிடலாம். மூன்றாவது வினாவுக்கு விடை எழுத முடியாதவர் எவ்வளவு சிறப்பாகப் பேசியிருந்தாலும், அவர் கையில் இருப்பது நம்பிக்கையே, வரலாற்று முடிவன்று. மதிப்பெண்ணும் அதற்கேற்பவே வழங்கப்படுகிறது.